வால்வு கைடு மாற்றி 9,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

போன வாரம் நண்பர் ஒருவர் தன் பழைய சிங்கிள் சிலிண்டர் வண்டியின் ஹெட்டை (சிலிண்டரின் மேல் உட்காரும், வால்வுகள் இருக்கும் பாகம்) கழற்றி வைத்துக்கொண்டு, "கைடு மட்டும் மாற்றினால் போதுமா, சீட்டையும் வெட்டணுமா?" என்று கேட்டார். வால்வின் தண்டு மேலும் கீழும் ஓடும் குழாய்தான் கைடு; வால்வு மூடும்போது அதன் முகம் உட்காரும் வளையம்தான் சீட். என் வண்டிக்குக் கைடு மாற்றியபோது இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் ஒரே ஹெட்டை இரண்டு தடவை பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

என் வண்டி புகைத்ததற்கு பிஸ்டன் ரிங்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கம்ப்ரஷன் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் இறங்கி, கீழே வந்து மறுபடி முறுக்கினால் குப்பென்று நீலப்புகை வரும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது இன்லெட் (பெட்ரோல்-காற்று உள்ளே வரும்) பக்கம் வேக்யூம் கூடும்; வால்வுகளுக்கு மேலே ராக்கர் பெட்டியில் இருக்கும் ஆயிலைத் தேய்ந்த கைடு வழியாக அது இழுத்துக்கொள்ளும். ஹெட்டைக் கழற்றி, வால்வைக் கொஞ்சம் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். விரலுக்கே தெரிந்தது ஆட்டம்.

முதல் பட்டறையில் பழைய கைடைத் தட்டி எடுத்து, புது பிரான்ஸ் (வெண்கல) கைடை இறக்கி, தேய்ப்புப் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். புகை போய்விட்டது, ஆனால் ஐட்லிங் சீராக நிற்கவில்லை. கார்பரேட்டரைத் திருகி, பிளக்கை மாற்றி, இக்னிஷன் பாயிண்டை மறுபடி செட் செய்து இரண்டு மாதம் போனது. கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, குழியில் பெட்ரோல் ஊற்றி வைத்தேன். எக்ஸாஸ்ட் போர்ட்டில் கசிந்தது. வால்வு முகத்தில் ப்ளூ (தொட்ட இடத்தைக் காட்டும் நீலச்சாயம்) தடவி உட்கார வைத்துப் பார்த்தால், சீட்டில் பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டுமே பட்டிருந்தது.

புதுக் கைடு எவ்வளவு நேராக இறங்கினாலும் அதன் மையம் பழைய கைடின் மையத்தோடு அப்படியே பொருந்தாது. சீட் கட்டரின் பைலட்டை (வழிகாட்டும் கம்பியை) புதுக் கைடுக்குள் நிறுத்தி, அதையே மையமாக வைத்துச் சீட்டை மறுபடி வெட்ட வேண்டும். என் ஹெட்டில் சீட்டின் சாய்வு 45 டிகிரி. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சீட் அகலமாகும், மையத்துக்கு வராது. ஹெட் வேலை செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் விட்டதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் செய்திருந்தார்கள். எக்ஸாஸ்ட் கைடின் நுனியில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டாமல், ஹெட்டைச் சூடும் பண்ணாமல் தட்டி எடுத்ததில் ஹெட்டில் கைடு உட்காரும் துளை கீறிப்போயிருந்தது. இரண்டாவது தடவை ஓவர்சைஸ் (கொஞ்சம் பருமனான) கைடை லேத்தில் கடைந்துதான் போட முடிந்தது. அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. துளை, 150 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். கைடு இறுகி நிற்பதற்காகத் துளையைவிடப் பெரிதாக விடுகிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். ஹெட்டை ஓவனில் வைத்து, கைடை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் லேசாகத் தட்டினாலே இறங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்தேன். சம்மட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆறிய பிறகு கைடின் உள்துளை கொஞ்சம் சுருங்கும், அதனால் உள்துளையை அளவுக்குச் சீவும் ரீமர் கடைசியில்தான். ஸ்டெம்முக்கும் (வால்வுத் தண்டுக்கும்) கைடுக்கும் இடையே இன்லெட்டுக்கு 0.04 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.06 மி.மீ. இடைவெளி விட்டோம். சூட்டில் எக்ஸாஸ்ட் ஸ்டெம் அதிகம் விரியும், பிரான்ஸ் கைடு டைட்டாக இருந்தால் வால்வைப் பிடித்துக்கொள்ளும்.

நான் எதிர்பார்க்காதது, சத்தம் குறைந்தது. இத்தனை வருஷம் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்று நினைத்துச் சகித்துக்கொண்ட கடகடப்பில் பாதிக்கு மேல் காணோம். முதல் 500 கிலோமீட்டரில் எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி கொஞ்சம் குறைந்தது, சரிசெய்தேன். அதற்குப் பிறகு அசையவே இல்லை. காலையில் ஒரே கிக், சூடானதும் ஐட்லிங் சீராக நிற்கிறது. சில நாள் ஓட்ட வேண்டிய வேலை இல்லாவிட்டாலும் ஸ்டார்ட் பண்ணிப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பிரான்ஸ் கைடில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஆனாலும் நண்பரிடம் மாற்றச் சொல்லவில்லை. அவர் விசாரித்த பட்டறையில் சீட் கட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தருவாங்களாம்" என்றார். ஹெட்டை அப்படியே திரும்ப மாட்டி, புகையோடு ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.