பொய் சொல்லும் கதைசொல்லி: ஆங்கில மூலத்தில் வாசிப்பதா, தமிழில் வாசிப்பதா?

கதையைச் சொல்பவரே நம்மை ஏமாற்றுகிற உளவியல் திகில் நாவல்களை ஆங்கில மூலத்தில் வாசிப்பது நல்லதா, தமிழ் மொழிபெயர்ப்பில் வாசிப்பது நல்லதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக ஓயவில்லை. மதுரை திருநகரில் இருக்கும் என் அத்தை தமிழில் மட்டுமே வாசிப்பவர். நான் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாசிப்பவன். ஒரே நாவலை இருவரும் தனித்தனியாக வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் உட்கார்ந்து பேசுவோம். குடும்ப நாவலோ வரலாற்று நாவலோ என்றால் இருவரும் ஒரே கதையைத்தான் படித்திருப்போம். இந்த வகையில் மட்டும் அப்படி அமைவதில்லை. ஒரு கதைசொல்லி எதையெல்லாம் மறைக்கலாம் என்பதை அவர் பேசும் மொழியின் இலக்கணமும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கலைச்சொல்லை 1961இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் உருவாக்கினார். உத்தி அதைவிடப் பழையது; 1926இல் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பெயரை, இன்னும் அதை வாசிக்காதவர்களுக்காக இங்கே எழுதாமல் விடுகிறேன். மதுரைக்காரர்களுக்குப் பொய்ச் சாட்சியத்தின் விளைவைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். ஏமாறுபவன் பாண்டியன் மட்டுமே. இந்த நாவல்களோ நம்மைப் பாண்டியனின் இருக்கையில் உட்கார வைக்கின்றன.

ஆங்கிலத்தின் பெரிய வலிமை உறவுச் சொற்களில் இருக்கிறது. 'சிஸ்டர்' என்ற சொல் அக்காவா, தங்கையா என்று காட்டாது. 'அங்கிள்' என்றால் சித்தப்பாவாகவும் இருக்கலாம், மாமாவாகவும் இருக்கலாம். 'கஸின்' என்ற சொல்லில் ஆணா, பெண்ணா என்பதுகூடத் தெரியாது. சென்ற ஆண்டு நாங்கள் வாசித்த ஒரு நாவலில், இரண்டு சகோதரிகளில் ஒருத்தி இறந்துவிட, எஞ்சியவள் கதை சொல்கிறாள். உண்மையில் அவள் இளையவள். மூத்தவளின் பெயரிலும் வயதிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் இது கடைசி இருபது பக்கங்களில்தான் எனக்குப் பிடிபட்டது. அத்தை நான்காம் அத்தியாயத்திலேயே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "செத்தது அக்கான்னு இவளே சொல்றா. அப்ப இவ எப்படிடா மூத்தவளா இருக்க முடியும்?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

அந்த மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'தங்கை' என்று எழுதியிருந்தால் ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் மூலத்தில் அந்த இடத்தில் மறைத்தவளாக மட்டுமே இருந்த கதைசொல்லி தமிழில் நேரடியாகப் பொய் சொன்னவளாகியிருப்பாள். முடிவை அறிந்த பிறகு திரும்பிப் படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருந்ததைக் கண்டு திகைப்பதுதான் இந்த நாவல்கள் தரும் உயர்ந்த இன்பம். 'உடன்பிறந்தவள்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் நேர்மை கெடாது என்றாலும், வீட்டுப் பேச்சில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லே வாசகரை உஷார்ப்படுத்திவிடும். பால் மறைப்பிலும் இதே இக்கட்டு உண்டு. 'அவர்' என்ற மரியாதைச் சொல் ஆணையும் பெண்ணையும் ஒருசேர மறைக்கும். ஆனால் கல்லூரித் தோழியை 'அவர் வந்தார்' என்று எழுதினால் எவருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றும்.

இவ்வளவையும் வைத்து ஆங்கிலமே சிறந்தது என்று ஒரு காலத்தில் நான் உறுதியாக நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது 'ஆம்' என்ற விகுதி. தானே பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தமிழ் ஒரே அசையில் பிரித்துவிடுகிறது: 'மழை பெய்தது', 'மழை பெய்ததாம்'. சம்பவ இரவில் அந்த வீட்டில்தான் இருந்தேன் என்று சாதிக்கும் ஒருவர், நூறு பக்கம் கழித்துப் போகிற போக்கில் "அன்றிரவு மழை பெய்ததாம்" என்று சொல்லிவிட்டால் அவர் அகப்பட்டுக்கொண்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் இதே தடயத்தை வைக்கத் தனியாக ஒரு சொல்லோ, 'கேள்விப்பட்டேன்' என்பது போன்ற ஒரு தொடரோ வேண்டும். அது உரக்கக் கேட்டுவிடும். தமிழில் வேகமாக வாசிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார், நின்று வாசிப்பவர் மட்டும் பிடித்துக்கொள்வார்.

'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடும் அத்தகையதே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கணவனிடம் பேசும் மனைவி 'நாம் வாங்கிய வீடு' என்பதற்குப் பதிலாக 'நாங்கள் வாங்கிய வீடு' என்று சொன்னால், அந்த வீட்டை அவளோடு சேர்ந்து வாங்கிய வேறொருவர் கதைக்குள் வந்துவிட்டார். இன்னொருவரை 'நீங்கள்' என்று அழைத்துவந்தவர் கோபத்தில் 'நீ' என்று நழுவுவதும் ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ'வால் செய்ய முடியாத காரியம்.

மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் தோற்பது வேறோர் இடத்தில். கணவன் ஓர் அத்தியாயம், மனைவி ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிச் சொல்லும் நாவல்களில் இருவருக்கும் ஒரே செய்தித்தாள் தமிழைக் கொடுத்துவிடுகிறார்கள். மூலத்தில் ஒருவர் சுருக்கமாகவும் மற்றவர் சுற்றி வளைத்தும் பேசுவார்; அந்த வேறுபாட்டில்தான் யார் நடிக்கிறார் என்ற தடயம் ஒளிந்திருக்கும். தமிழில் எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்ற இரண்டு அடுக்கு கையிலேயே இருக்கிறது; 'வந்தார்கள்' என்று கவனமாக எழுதுபவர் பதற்றத்தில் 'வந்தாய்ங்க' என்று சொல்லிவிட்டால் அவர் எந்த ஊரில் வளர்ந்தவர் என்பது நொடியில் தெரிந்துவிடும். இருந்தும் இந்த வளத்தைப் பயன்படுத்திய மொழிபெயர்ப்பு ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒலிநூல் எந்த மொழியில் இருந்தாலும் இவ்வகைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சந்தேகம் வந்ததும் அறுபது பக்கம் பின்னால் போய்ச் சரிபார்ப்பது இந்த வாசிப்பின் பாதி. அதற்குக் காகிதப் புத்தகம்தான் கைகொடுக்கும். இரண்டு மொழிப் பிரதிகளும் கிடைக்குமானால், நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரே மேசையில் விரித்து வைத்து ஒப்பிட்டு வாசிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

இப்போது என் தேர்வு இதுதான்: மர்மம் ஒருவர் யார் என்பதில் இருந்தால் முதலில் ஆங்கிலம்; அவர் எதைப் பார்த்தார், எதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதில் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தவராக இருக்கும்பட்சத்தில், முதலில் தமிழ். இந்த மாதம் நாங்கள் எடுத்திருக்கும் நாவல் இரண்டாம் வகை. அதன் மூன்றாம் அத்தியாயத்தில், அந்நியர் என்று சொல்லப்படும் ஒருவரிடம் கதைசொல்லி ஒரேயொரு முறை 'நாம்' என்கிறார். அத்தை அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். என் ஆங்கிலப் பிரதியை எத்தனை முறை புரட்டினாலும், நழுவியது கதைசொல்லியா மொழிபெயர்ப்பாளரா என்று அது சொல்வதில்லை. இருவருக்கும் இன்னும் பதினோரு அத்தியாயங்கள் மீதமிருக்கின்றன.