குழுக்கடனா, சொசைட்டியா? தாராவி இட்லி வியாபாரத்துக்கு எது தாங்கும்

தாராவியில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் ஒரு குடும்பம், புதுக் கிரைண்டருக்கும் பாத்திரங்களுக்கும் 50,000 ரூபாய் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கே வருவது மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன். நாமே தேடிப்போக வேண்டியது கூட்டுறவுக் கடன் சங்கம். மராத்தியில் பத்பேடி, நம்மவர் வாயில் சொசைட்டி.

முதலில் கணக்கு. குழுக்கடனுக்கு 24 சதவீத வட்டி, சொசைட்டிக்கு 14 என்று உதாரணத்துக்கு எடுப்போம். இரண்டும் 24 மாதம், குறையும் நிலுவைக்கு வட்டி, அதாவது கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி. குழுக்கடனில் மாதத்துக்கு 2,644 ரூபாய் வீதம் மொத்த வட்டி 13,445. சொசைட்டியில் மாதம் 2,401, வட்டி 7,615. ஏறத்தாழ 5,800 ரூபாய் மிச்சம். ஆனால் சொசைட்டி, கடனில் ஒரு பங்கைப் பங்குத்தொகையாகப் பிடித்துக்கொள்ளும். 5 சதவீதம் என்றால் 2,500 ரூபாய் கைக்கு வராது. விலகும்போது திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் கிரைண்டர் கடைக்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார். அதனால் 53,000 கேட்டு எழுதுவதே சரி.

யாராவது “12 பர்சென்ட்தான்” என்றால், ஃபிளாட் வட்டியா, அதாவது பாக்கி குறைந்தாலும் கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டியா என்று கேட்டுவிடுங்கள். ஓராண்டுக் கடனில் ஃபிளாட் 12 என்பது குறையும் நிலுவைக் கணக்கில் 21 சதவீதத்தைத் தாண்டும்.

குழுக்கடனின் பலம் வேகம். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் அடமானமே கேட்கக்கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6க்குப் பின்போ வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது. பலருக்கு இந்தக் கடைசி விதி தெரிவதில்லை.

கடன் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்காக உங்கள் பெயரில் எடுத்துக் கொடுப்பது. அவர் ஊருக்குப் போய்விட்டால் தவணையும் உங்கள் தலையில், கிரெடிட் ரிப்போர்ட்டில் கறையும் உங்கள் பெயரில். இன்னொன்று மழை. வாரத் தவணை இட்லிக்குப் பொருத்தம்தான், காசு அன்றன்றே திரும்புகிறது. ஆனால் ஜூலையில் ரயில் நின்று தெரு மூழ்கினால் மூன்று நாள் சைக்கிள் கிளம்பாது, அந்த வாரத் தவணை மட்டும் வந்து நிற்கும். மாதத் தவணை என்றால் அந்த மூன்று நாள் நஷ்டத்தை மீதி நாட்களில் ஈடுகட்டலாம். 24 மாதக் கடன் எப்படிப் பார்த்தாலும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டித்தான் முடியும்.

சொசைட்டியின் பலவீனம் தாமதமும் ஜாமீனும். உறுப்பினராகி, சில மாதம் சேமித்துக் காட்டிய பிறகே கடன் பேச்சு. சம்பளச் சீட்டுள்ள ஜாமீன்தாரரைக் கேட்பார்கள். அவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கடன் நின்றால், மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டம் 1960, பிரிவு 101ன்படி வசூல் சான்றிதழ் வாங்கி, நிலவரி பாக்கி போல வசூலிக்க வழி இருக்கிறது. அது ஜாமீன் போட்டவர் சம்பளத்தையும் தொடும். கூட்டுறவு என்றதும் மென்மையாக இருப்பார்கள் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

பலர் கவனிக்காத ஒன்று, சேமிப்பின் பாதுகாப்பு. கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கடன் சங்கத்துக்கு அது கிடையாது. காப்பீடு இருந்தும் 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி முடங்கியபோது, முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். அதனால் சொசைட்டியில் சேரும்முன் ஆண்டறிக்கையைக் கேளுங்கள். தணிக்கைத் தரம் ஏ அல்லது பி என்று இருக்கிறதா, பொதுக்குழு ஆண்டுதோறும் நடக்கிறதா என்று பாருங்கள். கடன் போக உபரியாக வரும் பணத்தை அங்கே குவிக்க வேண்டாம்.

தெருவில் விற்பவர்கள் இந்த இரண்டுக்கும் முன்னால், தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான பி.எம். ஸ்வநிதியைப் பார்ப்பது நல்லது. முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். ஏலச்சீட்டு அவசரத்துக்கு உதவும், ஆனால் பதிவு செய்யாத சீட்டு மூழ்கினால் கேட்க நாதியில்லை.

அரிசி, உளுந்து மொத்த விலையில் கிடைக்காததுதான் உண்மையான சிக்கல் என்றால், எந்தக் கடனும் தீர்க்காது. வட்டியும் சேர்ந்து விலை ஏறும், அவ்வளவுதான். அங்கே பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்குவதுதான் வழி. 1959இல் மும்பையின் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளமும் உழைப்பைச் சேர்த்ததால்தான் நின்றது. சட்டப்படி அது கூட்டுறவுச் சங்கம்கூட இல்லை.

எங்கள் தேர்வு: மெஷினுக்குச் சொசைட்டி, அவசரச் சரக்குக்கு மட்டும் சிறிய குழுக்கடன். ஒன்றை எடுத்து இன்னொன்றை அடைக்கவே கூடாது. கடன் தேவைப்படும் முன்பே சேர்ந்து தினசரிச் சேமிப்பு கட்டுங்கள். நாளுக்கு 100 ரூபாய் என்றால் ஆறு மாதத்தில் 18,000. ஆதாரில் இன்னும் திருநெல்வேலி முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சங்கத்தின் செயல் எல்லைக்குள் குடியிருப்பதையோ தொழில் செய்வதையோ காட்டாமல் உறுப்பினர் படிவத்தையே வாங்கமாட்டார்கள்.