கன எண்ணெய்க்கு நிலத்தடியில் வினையூக்கி: துகளா, கரைசலா, கிணற்றைச் சுற்றிய படுகையா?

கனடாவின் அதபாஸ்கா மணலில் கிடக்கும் பிட்டுமென் என்ற தார் போன்ற கன எண்ணெய், அங்குள்ள பத்து டிகிரி குளிரில் பத்து லட்சம் சென்டிபாய்ஸுக்கும் (தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்று) மேல் பாகுத்தன்மை கொண்டது. நீராவியால் இளக்கி எடுத்தாலும் ஆறியதும் பழையபடி இறுகிவிடும். குழாயில் ஓட, ஏறக்குறைய 30 சதவீதம் கண்டன்சேட் (எரிவாயுவோடு கிடைக்கும் லேசான எண்ணெய்த் திரவம்) கலந்தாக வேண்டும். அந்தச் செலவைக் குறைக்கத்தான் பெரிய மூலக்கூறுகளை உலோக வினையூக்கியால் பூமிக்குள்ளேயே உடைக்கும் முயற்சி. எந்த உலோகம் வீரியமானது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவோம். வினையூக்கி, எண்ணெய், சூடு மூன்றும் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

முதல் வழி: நிக்கல் அல்லது இரும்பு ஆக்சைடு துகள்களை 50 நானோமீட்டர் அளவில் மேலேயே செய்து, நீரில் கலந்து செலுத்துவது. மணலின் துளைக் கழுத்துகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால் தனித்துகள் எங்கும் சிக்காது. ஆனால் துகள் தனியாக இருந்தால்தானே! உப்புநீர் பட்டதும் துகள்களை விலக்கி வைக்கும் மின்விசை மங்கி, அவை கொத்துக் கொத்தாகத் திரளும். கழுத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டிய கொத்து உள்ளே படியத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாயிலேயே அடைத்துக்கொள்ளும் என்பது களத்தில் வழங்கும் கணக்கு. நேர்மின்னூட்டம் உள்ள இரும்பு ஆக்சைடு, எதிர்மின்னூட்டம் உள்ள களிமண்ணில் ஒட்டிக்கொள்வது தனிக் கதை.

இரட்டைக் கிடைக்கிணற்று நீராவி முறையில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மேல் கிணற்றில் நீராவி, ஐந்து மீட்டர் கீழே உற்பத்திக் கிணறு. நீராவி மேலே எழும். திடத்துகள் ஆவியோடு போகாது, திரவ நீரோடு கீழே வடிந்து, உருகிக்கொண்டிருக்கும் எண்ணெய் விளிம்பைப் பார்க்காமலே உற்பத்திக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். ஆய்வகத்து மூடிய கலனில் கலக்கிவிட்டுக் காட்டும் முடிவுகளில் இந்த இழப்பு தெரியாது.

இரண்டாவது வழி, எண்ணெயில் கரையும் மாலிப்டினம் அல்லது நிக்கல் ஆக்டோயேட் (உலோகத்தின் கரிம உப்பு). சூட்டில் சிதைந்து, எண்ணெயில் உள்ள கந்தகத்தையே எடுத்துக்கொண்டு சல்பைடு நானோ துகளாகும். துகள் எண்ணெய்க்குள்ளேயே பிறப்பதால் நீரிலிருந்து எண்ணெய்க்குத் தாவும் சிக்கல் இல்லை. ஒரே கிணற்றில் நீராவி செலுத்தி, ஊறவிட்டு, திருப்பி எடுக்கும் சுழற்சி முறைக்கு இதுதான் பொருத்தம். கரைசலைக் கரைப்பானில் நீர்த்து முதலில் தள்ள வேண்டும், பிறகு நீராவி, பிறகு நாள்கணக்கில் ஊறல். வரிசையை மாற்றிச் சூடேறிய கிணற்றில் கரைசலை விட்டால், அது வாயருகிலேயே சிதைந்து படியும். ஊறலில் 250 டிகிரி வேண்டுமென்றால் சுமார் 40 பார் நீராவி அழுத்தம் தேவை. ஆழம் குறைந்த படுகையின் மேல்மூடிப் பாறை அதைத் தாங்காது.

செலவும் கண்ணை உறுத்தும். எண்ணெயில் பத்து லட்சத்தில் 500 பங்கு உலோகம் என்றால், 2,000 டன் எண்ணெய்க்கு ஒரு டன் உலோகம். கரைசலில் 10 சதவீதம்தான் உலோகமென்றால் 10 டன் கரைசல். பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடும். மாலிப்டினத்துக்கு அது கட்டுப்படியாவது கடினம்.

மூன்றாவது வழி காப்ரி (CAPRI) என்ற முறை, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தின் மால்கம் கிரீவ்ஸ் குழு உருவாக்கியது. காற்றைச் செலுத்தி எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, கிடைக்கிணற்றைச் சுற்றி அடுக்கிய நிக்கல்-மாலிப்டினம் அல்லது கோபால்ட்-மாலிப்டினம் குருணைகள் வழியாக மீதியை வடிப்பது. வினையூக்கி இல்லாத இதன் தாய்முறையான டாய் (THAI), 2006இல் ஆல்பர்ட்டாவின் ஒயிட்சாண்ட்ஸ் முன்னோட்டத்தில் களமிறங்கியது. 400 டிகிரியைத் தாண்டும் சூடு நீராவிக்கு எட்டாதது. அதுவே இதன் பலம். பலவீனம் கோக், அதாவது குருணை மேல் படியும் கரி. சுத்திகரிப்பு ஆலையில் உயர் அழுத்த ஹைட்ரஜன் கோக் படிவதைத் தடுத்து வைக்கும். இங்கே அது போதாததால் குருணைகள் விரைவில் கரியேறிச் செயலிழக்கும், மாற்ற வழியில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் குருணைக்குப் பதிலாக விரவிய துகள்களைச் சோதித்ததற்கு இதுவும் காரணம். (குஜராத்தின் பாலோல், சாந்தால் வயல்களில் ஓஎன்ஜிசி நிலத்தடி எரிப்பைப் பல்லாண்டுகளாக நடத்துகிறது. அங்கே எண்ணெய் படுகைச் சூட்டில் ஓரளவு ஓடும், வினையூக்கிக்கான அவசரம் குறைவு.)

எதைத் தேர்ந்தாலும் ஹைட்ரஜன் கணக்கு தப்பாது. கார்பன்-கந்தகப் பிணைப்பு அறுந்ததும் துண்டுகளுக்கு ஹைட்ரஜன் கிடைக்காவிட்டால் அவை மறுபடி ஒட்டிக்கொள்ளும். டெட்ராலின் போன்ற ஹைட்ரஜன் தரும் கரைப்பானைச் சேர்ப்பது அதனால்தான். என் தேர்வு: சுழற்சி நீராவிக் கிணறு, எண்ணெயில் கரையும் நிக்கல், ஹைட்ரஜன் தரும் கரைப்பான். பிணைப்பு அறும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வரும். கிணற்றுத்தலையில் வாயு உணரி இல்லாமல் ஊறிய கிணற்றைத் திறக்கக்கூடாது.

வெற்றியை அளப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கரைப்பானே பாகுத்தன்மையைக் குறைக்கும். எண்ணெய்க்குள் சிக்கிய நீர்த்துளிகள் அதை உயர்த்தும். ஆகவே பக்கத்தில் ஒத்த கிணறு ஒன்றில் வினையூக்கி இல்லாமல் அதே கரைப்பானையும் நீராவியையும் மட்டும் செலுத்துங்கள். இரண்டின் மாதிரியிலும் நீரைப் பிரித்து, 50 டிகிரியில் முதல் நாளும் முப்பதாம் நாளும் அளவெடுங்கள். அஸ்ஃபால்டீன் (எண்ணெயின் மிகக் கனமான மூலக்கூறுகள்) பங்கு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால், மேலே வந்தது கரைப்பான் கலந்த பழைய பிட்டுமென்தான்.