கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் நின்றுவிட்டால்: டிரெய்லரில் ஏற்றச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் வரும் சாலையைச் சொந்தக் காரில் பயன்படுத்துகிறவர்கள் அனைவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பழுதாகி நின்ற எங்கள் காரை மீட்டுத் தருவதாக வந்த ஒருவர், சாலைக்கே வரத் தகுதியில்லாத டிரெய்லரில் அதை ஏற்றினார்; வழியில் சேதப்படுத்தினார்; பிறகு அதனால் மறுபடி ஏற்ற நேர்ந்ததற்கும் சேர்த்து எங்களிடமே பணம் கேட்டார். புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையோ பட்டறையின் பெயரையோ நான் எழுதவில்லை. ஆனால் அன்று நடந்தது எதுவும் தற்செயல் அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணங்களைக் கொக்கி மாட்டுவதற்கு முன்பே எவரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனி மாதத்தின் ஒரு மாலை. தூத்துக்குடியில் உறவினர் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு, மனைவியுடனும் மாமியாருடனும் திரும்பிக்கொண்டிருந்தேன். சாயல்குடியைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் வெப்பமானி முள் நடுவிலிருந்து ஏறத் தொடங்கியது. உடனே ஏசியை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, சாலையை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் முன்வாசல் பாதைக்குள் காரின் மூக்கு உள்நோக்கி இருக்கும்படி இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அந்தச் சாலையில் விரைந்து வரும் பேருந்துகளையும் மீன் லாரிகளையும் அறிந்தவர்களுக்கு, ஓரத்து மணலில் பாதி, தாரில் பாதி என்று காரை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களைச் சாலையிலிருந்து தள்ளி உடைமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, சிவப்பு முக்கோணப் பலகையைச் சாலையோரத்தில் 50 மீட்டருக்கு அப்பால் வைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குனிந்து பார்த்தபோது, ரேடியேட்டரின் கீழ்க் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்திலிருந்து இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சை நிறத் திரவமான கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் நல்ல மனதோடுதான் அந்த எண்ணைக் கொடுத்தார். தொலைபேசியில் பேசியவர், காரை முழுவதுமாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரி வரும் என்றும், ராமநாதபுரத்தில் நான் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் இறக்க 4,500 ரூபாய் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு என் கைபேசியில் பதிவாகியிருக்கிறது. வெகுநேரம் கழித்து, பொழுது சாயும் வேளையில் வந்ததோ ஒரு பிக்கப்பும், அதன் பின்னால் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த டிரெய்லரும். பிளாட்பெட் வேறு சவாரிக்குப் போய்விட்டதாம்.

டிரெய்லர் என்பதாலேயே அது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கான டிரெய்லரில், ஒழுங்காக ஏற்றி, நிதானமாக இழுத்தால் கார் பத்திரமாகவே போய்ச் சேரும். அன்று வந்தது அப்படிப்பட்டதல்ல. பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மீது டிரெய்லரின் கப்ளர் கவிழ்ந்து உட்கார்ந்து, அதன் தாழ் பூட்டிக்கொண்டு, தாழ் தானாகத் திறக்காதபடி ஒரு முள் குறுக்கே செருகப்பட்டிருக்க வேண்டும். அங்கே முள்ளுக்குப் பதிலாக வலை கட்டும் நைலான் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பிக்கப்பில் மாட்டப்படாமல், டிரெய்லரின் சட்டத்திலேயே சுருட்டிக் கம்பியால் கட்டப்பட்டு, உப்புக்காற்றில் கண்ணிக்குக் கண்ணி துருவேறி ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. அந்த இரண்டு சங்கிலிகளும் கப்ளருக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போக வேண்டும். கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தாரில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியின் மேல் தாங்கிக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். விளக்குக்கான மின்கம்பி இணைப்பு அறவே இல்லை. ஏற்றிய கார் பிக்கப்பின் பின்விளக்குகளை மறைத்துவிடும் என்பதால், இருட்டில் அந்தத் தொடரின் பின்னால் வருகிற எவருக்கும் பிரேக் பிடிப்பதும் தெரியாது, திரும்புவதும் தெரியாது.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தந்தது அவர் காரை ஏற்றிய விதம். கார் மூக்கை உள்ளே நீட்டி நின்றிருந்ததால், டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்து, காரின் பின்பக்கத்தில், வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவியான விஞ்சின் கொக்கியை மாட்டினார். அப்படி இழுத்தால் காரின் பின்பகுதி டிரெய்லரின் முன்பக்கமும், இன்ஜின் இருக்கும் முன்பகுதி டிரெய்லரின் கடைக்கோடியிலும் வந்து நிற்கும்.

“தம்பி, இன்ஜின் பாரம் பின்னாடி இருந்தா டிரெய்லர் வாலாட்டும். நாங்க தள்ளித் திருப்பித் தர்றோம், மூக்கு முன்னாடி வர்ற மாதிரி ஏத்துங்க” என்றேன்.

“இருட்டப் போகுது சார். தெனமும் இழுக்கிற வண்டிதான் இது. நீங்க பின்னாடி வாங்க, போதும்” என்று சொல்லிக்கொண்டே அவர் விஞ்சை ஓட்டத் தொடங்கிவிட்டார். இறக்கச் சொன்னதற்கு, வந்து போனதற்கு மட்டும் 2,000 ரூபாய் வைத்துவிட்டு வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வயதானவர்களோடு அந்த இடத்தில், அந்த நேரத்தில் நிற்கும் எவருக்கும் அது தேர்வே அல்ல என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஏன் வாலாட்டும் என்பதை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் டிரெய்லர் இழுக்கிற பலர் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் வரை கப்ளர் வழியாக இழுக்கும் வண்டியின் மீது அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார்களில் எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மீதே இருக்கிறது. அந்த எடை டிரெய்லரின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், கப்ளர் கீழே அழுந்துவதற்குப் பதிலாக மேல்நோக்கித் தூக்கும். அதனால் பிக்கப்பின் பின்சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பு குறைவதோடு, பக்கத்திலிருந்து ஒரு சிறு தள்ளல் கிடைத்தாலும் டிரெய்லர் அந்த ஆட்டத்தை அடக்கிக்கொள்ளாமல் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாக்கிக்கொண்டே போகும். காரின் சக்கரங்களைக் கட்டியிருந்ததும் ஒழுங்காக இல்லை. நான்கு சக்கரங்களையும் தனித்தனி ராட்சட் பெல்ட்டால் (நெம்பி இறுக்கும் பட்டையால்) முன்னும் பின்னும் இழுத்துக் கட்ட வேண்டிய இடத்தில், இரண்டு சக்கரங்களுக்குப் பெல்ட்டும் மற்ற இரண்டுக்கும் படகுக் கயிறும் போட்டிருந்தார்.

கீழக்கரையிலிருந்து காரோடு வந்த என் மைத்துனர்தான் முதலில் கவனித்தார். “மச்சான், பாரம் ஏத்துனா பிக்கப் அமுங்கணும். இது விரக்கடை அளவு மேல தூக்கியிருக்கு பாருங்க” என்று காட்டினார். ஓட்டுநர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் மைத்துனரின் காரில், இரு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்கு நாங்களே விளக்காகத் தொடர்ந்தோம்.

கீழக்கரை ஊருக்குள் மெதுவாகப் போனவரை ஒன்றும் தெரியவில்லை. ஊரைக் கடந்து சாலை வடக்கே திருப்புல்லாணியை நோக்கித் திரும்பிய பிறகு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இடப்பக்கமாக அறையத் தொடங்கியது. ஆனி, ஆடியில் அந்தக் காற்றின் வேகம் இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். எதிரே ஒரு பேருந்து கடந்த வேகத்தில் டிரெய்லரின் பின்பக்கம் ஒருமுறை வலது பக்கம் ஒதுங்கி, திரும்பி இடப்பக்கம் வீசி, மூன்றாவது வீச்சில் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவது. டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் பிடிக்கலாம். அவர் பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்னாலிருந்த பாரம் முழுவதும் முன்னோக்கித் தள்ளியது. படகுக் கயிறு அறுந்தது. கார் முன்னே சறுக்கி, அதன் டிக்கிக் கதவு விஞ்ச் பொருத்தியிருந்த இரும்புக் கம்பத்தில் மோதி உள்ளே போனது. டிரெய்லர் குறுக்கே மடங்கி, ஒரு சக்கரம் ஓரத்து மணலில் புதைந்து நின்றது. எதிரே அடுத்த வண்டி வரச் சில நொடிகள் தாமதமானதால் மட்டுமே ஒருவருக்கும் அடிபடவில்லை. இழுபடும் காருக்குள்ளேயே உட்கார்ந்து வாருங்கள் என்று முதலில் என் மாமியாரிடம் அவர் சொல்லியிருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பதறுகிறது. இழுத்துச் செல்லப்படும் காரிலோ டிரெய்லரின் மேல் இருக்கும் காரிலோ யாரையும், ஒரு நிமிடத்துக்கும், உட்கார விடாதீர்கள்.

அதன் பிறகு நடந்தது பச்சையான பணப்பறிப்பு. நான் சொன்ன ஒர்க்‌ஷாப் இரவில் பூட்டியிருக்கும் என்று சொல்லி, தனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் காரை இறக்கினார். 4,500 ரூபாய் என்று பேசிய வாடகை, மறுபடி ஏற்றியதற்கு 3,000, இரவு நேரத்துக்கு 2,000, காத்திருப்புக்கு 1,500 என்று சேர்ந்து 11,000 ஆகியிருந்தது. மறுநாள் பட்டறைக்காரர், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரித்தாக வேண்டும், 32,000 ஆகும் என்றார். எந்தச் சோதனை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, அனுபவத்தில் தெரியும் என்பதே பதில்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அதற்கு அடையாளங்கள் உண்டு. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்ததுபோல் பழுப்பு வெண்மையான குழம்பு ஒட்டியிருக்கலாம். சைலன்சரில் விடாமல் வெண்புகை வரலாம். கூலன்ட் தொட்டியில் இன்ஜின் ஓடும்போது குமிழிகள் கிளம்பலாம். இவற்றுக்கு மேல், கூலன்ட் அமைப்பில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, எங்கே இறங்குகிறது என்று பார்க்கும் எளிய கருவி ஒன்று உண்டு. நாங்கள் அழைத்துச் சென்ற வேறொரு மெக்கானிக் அதைக் கொண்டு பார்த்தார். அழுத்தம் ஏற்றிய உடனேயே, நான் சாலையோரத்தில் பார்த்த அதே கீழ்க் குழாயில், கிளிப்புக்கு அடியிலிருந்த வெடிப்பில் கூலன்ட் கசிந்தது. ஆயிலில் தண்ணீர் இல்லை, இன்ஜினில் கோளாறு இல்லை. புதிய குழாய், புதிய கிளிப், கூலன்ட் மூன்றோடும் கார் ஓடியது. 32,000 ரூபாய் வேலை 1,800 ரூபாயில் முடிந்தது. காவல் நிலையத்தில் மனு கொடுத்த பிறகே, முதலில் பேசிய 4,500 ரூபாயைப் பெற்றுக்கொண்டு காரை வெளியே விட்டார்கள்.

டிக்கிக் கதவின் சேதத்தை இழுத்தவரின் காப்பீடு தரும் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீட்டில், அந்த வண்டி ஏற்றிச் செல்லும் பொருளும் அதன் உரிமையாளரின் பொறுப்பில் இருக்கும் பொருளும் சேராது. ஆனால் உங்கள் காருக்கு முழுக் காப்பீடு இருந்தால், சாலை வழியாகக் கொண்டு செல்லப்படும்போது ஏற்படும் சேதம் அதில் அடங்கும். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான், தேய்மானம் போக மீதி கிடைத்தது. வெறும் பழுதுக்கு இழுத்துச் செல்லும் செலவு சாதாரணப் பாலிசியில் வராது. அதற்குச் சாலையோர உதவி என்ற கூடுதல் பிரிவு வேண்டும். அதை வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், கடற்கரை ஊர்களுக்கு வருவார்களா என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணும், உயிருக்கு ஆபத்தான நிலையில் 112 என்ற எண்ணும் இருக்கின்றன.

வண்டி வந்ததும் கொக்கி மாட்டுவதற்கு முன், கப்ளரின் தாழில் முள் இருக்கிறதா, இரண்டு சங்கிலிகள் குறுக்காக மாட்டப்பட்டுள்ளனவா, டிரெய்லரின் பின்விளக்கு எரிகிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று கைவிளக்கை அடித்துப் பாருங்கள். கடற்கரையில் ஓடும் டிரெய்லர்களில் சக்கர பேரிங்குக்குள் உப்புநீர் புகுந்து கிரீஸ் கெட்டுப்போவது வழக்கம். சக்கர மையத்தைச் சுற்றி ரிம்மில் கிரீஸ் சிதறிக் கறுத்திருந்தால் அதை இழுக்க விடாதீர்கள். டிரெய்லர் இல்லாமல் கயிறு கட்டித் தரையில் இழுப்பதாகச் சொன்னால், தானியங்கி கியர் காராக இருக்கும் பட்சத்தில் மறுத்துவிடுங்கள். இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால், இன்ஜின் ஓடாத நிலையில் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாமல் அது தேய்ந்துபோகும். இன்ஜின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் காரை, எந்தச் சக்கரமும் தரையைத் தொடாதபடி பிளாட்பெட்டிலோ ஒழுங்கான டிரெய்லரிலோதான் ஏற்ற வேண்டும்.

தொகையையும், இறக்க வேண்டிய இடத்தையும், வரப்போகும் வண்டியின் வகையையும் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915 மூலம் வழிகாட்டுதல் பெற்று, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் எடுத்த படங்களில் அதன் பின்புறத்தில் எண் பலகையே இல்லை. கயிறு சுற்றிய கப்ளரின் படமும், 4,500 ரூபாய் பேசிய ஒலிப்பதிவும், அழுத்தச் சோதனை செய்த மெக்கானிக்கின் எழுத்துக் குறிப்பும் அந்தப் படத்தோடு புகாரில் சேர்க்கப்பட்டுள்ளன.