ஒலிம்பியா, ரோம், கான்ஸ்டான்டினோபிள்: தேர்ப் பந்தயத்துக்கு எந்தக் களம்?

பழங்காலத் தேர்ப் பந்தயம் என்றதும் எல்லோரும் ரோமின் சர்க்கஸ் மாக்சிமஸைத்தான் சொல்வார்கள். நீளம் 600 மீட்டருக்கு மேல். கூட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டாலும் 1,50,000 பேர். தேர்கள் புறப்பட 12 வாயில்கள், ஒரு பந்தயத்துக்கு 7 சுற்று. பிரம்மாண்டம்தான் அளவுகோல் என்றால் பேச்சே இல்லை, ரோம்தான்.

புறப்பாடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் என் ஓட்டு கிரேக்க நாட்டு ஒலிம்பியாவுக்கு. நாற்குதிரைத் தேர் அங்கே கி.மு. 680இலேயே ஓடியது. பின்னாளில் அமைத்த புறப்பாட்டு வாயில், கப்பலின் முகப்பைப் போல முன்னால் கூம்பியிருக்கும். வெண்கலக் கழுகு ஒன்று மேலே எழும்ப, டால்பின் கீழே இறங்கும், பந்தயம் தொடங்கியாயிற்று. முதலில் இரு கோடியிலும் நிற்கும் தேர்களுக்கு முன்னே தடுப்பாகக் கட்டிய கயிறு விழும். அவை அடுத்த ஜோடிக்கு நேராக வந்ததும் அதன் கயிறு விழும். இப்படியே போய், நுனியில் எல்லாத் தேர்களும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். ரோமானியர் வாயில்களை வளைவாகக் கட்டி, சீட்டுப் போட்டு இடம் பிரித்ததோடு சரி.

தொடக்கம் நியாயம், சரி. முடிவு? கி.பி. 67இல் பத்துக் குதிரை பூட்டிய தேரிலிருந்து விழுந்து, பந்தயத்தை முடிக்காத ரோமப் பேரரசர் நீரோவுக்கும் அங்கே வெற்றி மாலை கிடைத்தது! தவிர, மாலை தேரின் சொந்தக்காரருக்குத்தான், ஓட்டியவருக்கு அல்ல. ஸ்பார்ட்டா இளவரசி கினிஸ்கா கி.மு. 396இல் கடிவாளத்தைத் தொடாமலே வென்றது அப்படித்தான்.

ஓட்டுபவர் நட்சத்திரமானது ரோமில். கடிவாளத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்கள். தேர் கவிழ்ந்தால் அறுத்துக்கொள்ள ஒரு கத்தி. அப்படி ஓட்டிய டயோக்லஸ் 1,462 முறை வென்றார்.

கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) களம் ரோம் அளவுக்குப் பெரிதல்ல, சுமார் 450 மீட்டர். ஆனால் பேரரசரின் மேடைக்கு அரண்மனையிலிருந்தே நேர்வழி. அவர் வந்து அமர்ந்தால் ஜனங்கள் முகத்துக்கு நேரே கத்தலாம். 532இல், பந்தயத்தில் எதிரெதிர் அணிகளின் ஆதரவாளர்களான நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் கைகோத்துப் பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராகக் கிளம்பின. கூட்டம் ஹைபேஷியஸ் என்பவருக்கு கான்ஸ்டன்டைன் சதுக்கத்தில் முடிசூட்டி, இந்தக் களத்துக்குக் கொண்டுவந்து பேரரசரின் மேடையில் அமர்த்தியது. படை உள்ளே புகுந்து கொன்றது சுமார் 30,000 பேரை. பந்தயத் திடலில் அரியணையே ஆட்டம் கண்டது இங்கேதான். அதனால்தான் மூன்றில் இதை முதலில் வைக்கிறேன்.

நேரில் பார்க்கவும் இதுதான். ஒலிம்பியா திடலை ஆல்ஃபியஸ் ஆறு கொண்டுபோய்விட்டது. ரோமில் மிச்சம் பெரும்பாலும் புல்வெளி. இஸ்தான்புல்லில் 390இல் நிறுத்திய எகிப்தியத் தூண் இன்னும் நிற்கிறது. அதன் பீடத்தில் பேரரசர் வெற்றி மாலையோடு நிற்கிறார். அவருக்குக் கீழே ஆடுகிறவர்கள், வாத்தியக்காரர்கள். அடிப்பீடத்தில் தேர்கள் ஓடுகின்றன.