விண்ட்ஷீல்டு பெருசா இருந்தா மட்டும் போதாது

பைக்ல லாங் ரைடு போறதுக்குன்னு முதல்ல நல்லா உயரமான விண்ட்ஷீல்டு ஒண்ணு மாட்டுனேன், நெஞ்சுல அடிக்கிற காத்து சுத்தமா நின்னுச்சு ஆனா அது மொத்தமும் ஹெல்மெட்ல வந்து மோதி தலையே ஆட ஆரம்பிச்சு 2 மணி நேரத்துல கழுத்து புடிச்சுக்கிச்சு. கால் வைக்கிற ஃபுட்பெக்ல லேசா எந்திரிச்சு நின்னு பாத்தா சத்தம் டக்குனு குறையுது, அப்பதான் புரிஞ்சுது, விளிம்புல சுழல்ற காத்துக்குள்ளயே தலை இருக்குன்னு.

இப்ப மாட்டியிருக்கிறது ஏத்தி இறக்குற டைப், விளிம்பு மூக்கு மட்டத்துல நிக்குது, ரோட்டை அதுக்கு மேலாலதான் பாக்குறேன், ராத்திரி மழையில இது ரொம்ப முக்கியம்ங்க. அடியில கொஞ்சம் கேப் விட்டதும் முதுகுல தள்ளுற காத்தும் குறைஞ்சுது. அருமையான ஷீல்டு. பாலிகார்பனேட்டுங்கிற பிளாஸ்டிக்ல செஞ்சதுங்கிறதால அம்மோனியா கலந்த கிளீனர், பெட்ரோல் எதையும் பக்கத்துல கொண்டுபோகாதீங்க, மங்கி விரிசல் விட்டுரும். ஒட்டுன பூச்சிய ஈரத்துணி போட்டு ஊறவச்சே தொடைங்க.