தெருவில் புதுக் குழாய் பதித்த பின் வீட்டுக் குழாயைச் சீராக்கிய அல்சூர் பிளம்பிங் கடை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவின் பழைய வார்ப்பிரும்புக் குழாயை எடுத்துவிட்டு டி.ஐ. (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) குழாய் பதித்தபின் முதன்முறையாகக் காவிரித் தண்ணீர் விட்ட அன்று, எங்கள் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) செம்மண் கரைத்தது போன்ற நீர் இறங்கியது. அடுத்த வாரத்துக்குள் துருத் துணுக்கு சிக்கி மிதவை வால்வு மூடாமல் சம்ப் நிரம்பி வழிந்தது. நேரடி இணைப்பு உள்ள சமையலறைக் குழாயில் நீர் நூலாகச் சுருங்கியது. அதன் பிறகே இந்தக் கடையை அழைத்தோம்.

வந்த பிளம்பர் எதையும் அறுக்கத் தொடங்கவில்லை. தண்ணீர் விடும் நேரத்தில் மீட்டரை ஒட்டிய குழாயிலும் சமையலறைக் குழாயிலும் சிறிது நேரம் நீரை ஓடவிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்தார். முதலாவது தெளிந்திருந்தது, இரண்டாவது சிவந்தே இருந்தது. "ரோட்டுல வர்ற தண்ணி நல்லாத்தான் இருக்கும்மா, துரு நம்ம பைப்புல இருந்து வருது" என்று என் தாயாரிடம் அவர் காட்டியபோது, அதுவரை தெருக் குழாயைத்தான் தவறாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது.

எங்கள் வீட்டின் அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 1984-இல் போட்டது. துத்தநாகப் பூச்சு தேய்ந்து, உள்சுவரில் துரு அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. இணைப்பு வேலைக்காக நீரை நிறுத்தியபோது குழாய் காலியாகி, மீண்டும் விட்டபோது காற்றும் நீரும் முட்டிக்கொண்டு வர, அந்தப் படிவம் பெயர்ந்துவிட்டது. நுண்ணிய ஓட்டைகளை இதுவரை அடைத்திருந்ததும் அதே துருதான் என்பதால், அழுத்தம் கூடியதும் அவை கசியத் தொடங்கின. சம்ப்புக்கு முன்னுள்ள வால்வையும் சமையலறைக் குழாயையும் மூடியபின்னும் மீட்டரின் சிறு சக்கரம் சுழல்வதைக் கொண்டே அவர் கசிவை உறுதிசெய்து, துளசி மாடத்துக்கு அருகில் அதைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் நீர் எங்கள் மண்ணுக்குள் வீணாகிக்கொண்டிருந்தது மனத்தை வருத்தியது. அதைவிடக் கவலை தருவது, தண்ணீர் வராத நாளில் காலியாகும் குழாய் அதே ஓட்டை வழியே மண்ணிலுள்ள அழுக்கு நீரை உள்ளிழுக்கக்கூடும் என்பது. ஆகவே மீட்டரிலிருந்து சம்ப்புக்கும் சமையலறைக்கும் செல்லும் குழாய்களை மாற்ற ஒப்புக்கொண்டோம்.

புதுக் குழாய் பொருத்தியபின் அலசிய முறைக்காகவே இவர்களைப் பரிந்துரைப்பேன். ஆர்.ஓ. கருவிக்கும் கீசருக்கும் செல்லும் வால்வுகளை முதலில் மூடினார்கள். குழாய் முனைச் சல்லடைகளைக் கழற்றினார்கள். மீட்டருக்கு அருகிலுள்ள குழாயை மெதுவாகத் திறந்து, காற்று வெளியேறி நீர் தெளிந்தபின்னரே அடுத்ததற்குச் சென்றார்கள். சம்ப்பைக் கழுவி முடிக்கும் வரை அதனுள் ஒரு சொட்டும் விடவில்லை. இந்த வரிசை மாறினால் துரு முழுவதும் ஆர்.ஓ. வடிகட்டியிலும் கீசரின் அடியிலும் போய்த் தங்கிவிடும். வேறு கடைக்காரர் ஒருவர் எங்களிடம் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடச் சொல்லியிருந்தார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்தே வந்தார்கள். மதிப்பீட்டை எழுதித் தரவில்லை. ஓர் எல்போ (வளைவு இணைப்பு) மறுநாள் சொட்டியது. தகவல் சொன்னதும் வந்து, கூலி வாங்காமல் சரிசெய்தார்கள். ஆனால், மீட்டரை அடுத்துச் சுவருக்குள் செல்லும் ஒரு முழம் பழைய ஜி.ஐ. குழாயை, சுவரை உடைக்க வேண்டியிருக்கும் என்று கூறி அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் விடும் நாளில் முதல் குவளை இன்றும் இலேசாகச் சிவந்தே வருகிறது. வேலை நடந்தபோதே சுவரை உடைக்க நாங்கள் வலியுறுத்தியிருக்க வேண்டும். அந்தத் துண்டை மாற்ற இவர்களையே மீண்டும் அழைத்திருக்கிறோம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன்.